காரைக்குடியின் ஐம்பது கிலோ

எடை பார்க்கும் மெஷின் எங்கே நின்றாலும் நான் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன். மற்றவர்கள் நேரே ஏறி, எண்ணைப் படித்துவிட்டு இறங்கிப் போய்விடுகிறார்கள். நான் பின்னால் போய், மூடியில் எத்தனை திருகாணி இருக்கிறது, எத்தனை இருந்திருக்க வேண்டும், ஓரத்தில் ஊசி நுழையும் அளவுக்குத் துளை ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். போன மாதம் ஓர் ஆஸ்பத்திரி வாசலில் ஆள் உயரத் தொடுதிரை வைத்த மெஷின் ஒன்று, நான் ஏறியதும் எடையைச் சொல்லாமல் கறுப்புத் திரையில் பிழை பிழை என்று ஒன்பது வரி எழுதிக்கொண்டு நின்றது. ஒன்பது வரியையும் படித்தேன். பின்னால் நின்ற பெண், "பெரியவரே, கொஞ்சம் எறங்குங்க" என்றாள். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை. ஆனால் வீட்டிலும் என்னைக் கிழவர் என்றுதான் சொல்கிறார்கள். மாத்திரையை எண்ணி, மாடிப்படியை எண்ணி, பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவனை வேறு என்னவென்று சொல்வார்கள்?

இந்தக் கவலை எனக்குப் பதினோரு வயதில் தொடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருஷம். காரைக்குடியில் கோவிலுக்குப் பின் தெருவில் குடியிருந்தோம். கோவில் என்றால் எங்களுக்கு மாதா கோவில். அப்பா பங்குப் பள்ளியில் ஆசிரியர். கோவிலிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் வழியில், என் காலடியில் நானூற்றுப் பன்னிரண்டாவது அடியில், ஒரு மருந்துக்கடை இருந்தது. அந்த வருஷம் பொங்கல் முடிந்ததும் அதன் வாசலில் அந்த மெஷின் வந்து நின்றது.

அதற்கு முன் ஊருக்குத் தெரிந்த எடை மெஷின் ரயிலடியில் இருந்ததுதான். அதில் சக்கரம் சுற்றும், விளக்கு மினுக்கும், அட்டை விழும். அட்டையில் எடையோடு எதிர்காலமும் அச்சாகியிருக்கும். புதியது அப்படியல்ல. மார்பு உயரத்துக்கு ஒரு கம்பம், அதன் மேல் ஒரு பெட்டி, பெட்டியில் சிவப்பாக எரியும் எண்கள். ஒரு ரூபாய்க் காசு போட்டு ஏறினால் கிலோவைச் சொல்லும், புள்ளி வைத்து அதற்கு மேலுள்ள நூறு கிராமையும் சொல்லும். எதிர்காலத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாது. அதனாலேயே அது சொல்வதெல்லாம் உண்மை என்று எல்லோரும் நம்பினார்கள்.

அதற்குக் கோபம் வருவதும் உண்டு. மேலே நிற்பவர் அசைந்தால் எண்ணுக்குப் பதில் ஈ, ஆர், ஆர் என்று மூன்று எழுத்து எரியும். மத்தியானத்தில் மின்சாரம் இறங்கினால் எல், ஓ என்று இரண்டு எழுத்து மினுக்கும். இதை மெஷினின் கோளாறு என்று யாரும் நினைக்கவில்லை. ஏறியவரின் கோளாறு என்றுதான் நினைத்தார்கள். இறங்கி, செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, முந்தானையைச் சரிசெய்துகொண்டு மறுபடி ஏறுவார்கள். இரண்டாவது தடவை அசையாமல் நிற்பதால் எண் வந்துவிடும். செருப்பைக் கழற்றியதால் வந்தது என்று ஊர் முடிவு செய்தது. இரண்டு வாரத்துக்குள் அந்த மெஷின் முன்னால் செருப்போடு ஏறுகிறவர்களே இல்லை.

என் மாமாவும் வெறுங்காலோடுதான் ஏறினார்.

மாமா அம்மாவின் தம்பி. அம்மாவைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். பெற்றவர்கள் இல்லாததால் அம்மாதான் அவரைத் தூக்கி வளர்த்தாள். இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில்தான் இருந்தார். பட்டாளத்தில் சேர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு யோசனை கிடையாது. தினமும் விடியுமுன் கோட்டையூர் வரைக்கும் ஓடிப் போய் ஓடியே திரும்புவார். உயரம் இருந்தது. மார்பை விரிக்கச் சொன்னால் விரிப்பார். எடைதான் இல்லை. ஐம்பது கிலோ கேட்டார்கள். முந்தின தடவை மூன்று கிலோ குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்தத் தடவை சிவகங்கையில் ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தது. அடுத்த தடவைக்குள் அவருக்கு வயது தாண்டிவிடும். ஆகவே இதுதான் கடைசி.

செய்தி வந்த மறுநாளே அம்மாவும் மாமாவும் நானும் மருந்துக்கடைக்குப் போனோம். மாமா ஏறினார். 46.2. அம்மாவையும் ஏறச் சொன்னார். அம்மா கோவில் வாசலில் நிற்பதுபோல் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு ஏறினாள். 43.7. இரண்டையும் நான் என் நாற்பது பக்க நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த வயதிலேயே அப்படித்தான். தெருவில் எத்தனை தந்திக்கம்பம், பூசையில் எத்தனை தடவை முழந்தாளிட வேண்டும், எல்லாம் அந்த நோட்டில் இருந்தது.

மறுநாள் விபூதிப் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அங்கேதான் சிக்கல். ஆள் எடுக்கும் நாள், ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிற்றுக்கு முந்தின வியாழக்கிழமை. அதாவது மாமா உடம்பு தேற்ற வேண்டிய முப்பத்தாறு நாளும் தவக்காலம். எங்கள் வீட்டில் விபூதிப் புதன் தொடங்கி ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை எதுவும் அடுப்பேறாது. திருச்சபை எப்போதோ வெள்ளிக்கிழமைகளோடு நிறுத்திக்கொண்டது. அம்மா நிறுத்திக்கொள்ளவில்லை.

மாமா பங்குச் சாமியாரிடமே போய்க் கேட்டார். நோயாளிக்கும் கடும் வேலை செய்கிறவனுக்கும் விலக்கு உண்டு, உன்னையும் அதில் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் ஊர் பார்க்கத் தின்னாதே என்று சாமியார் சொல்லி அனுப்பினார். அம்மா ஒரு பகல் முழுக்க அதை யோசித்தாள். சாயங்காலம் அரிசி களைந்துகொண்டே மாமாவிடம் சொன்னாள்.

"சாமி விட்டுட்டாக. சரி, நீ தின்னு. ஆனா தவசு தவசுதான், யாராவது இருந்தாகணும்ல? ஒனக்கும் சேத்து நான் ஒருசந்தி இருந்துக்கிறேன். நீ சிவகங்கைக்குப் போற வியாழக்கிழம முடிய."

ஒருசந்தி என்பது நாளுக்கு ஒரே ஒரு வேளைச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமையில் ஒருசந்தி கிடையாது என்று மாமா வாதாடிப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமையும் நீ முட்டை தின்பாய் அல்லவா என்று அம்மா கேட்டுவிட்டாள்.

முட்டை நாளுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமை கிடையாது, அதில் அம்மா இளகவில்லை. விடிகாலையில் ஓட்டம் முடித்து மாமா திரும்பும்போது இரண்டும் வெந்து தயாராக இருக்கும். சாமியார் வீட்டுச் சமையல்காரர் எங்கள் சுற்றுச்சுவரை ஒட்டித்தான் விறகு பிளப்பார். அதனால் ஓடுகளைக் கருவேப்பிலைச் செடியின் அடியில் புதைக்கும் பொறுப்பு என்னுடையது. அந்த வாசனையை மட்டும் புதைக்க முடியவில்லை. எனக்கு அந்த நாட்களில் முட்டை கிடையாது. ஓடுகளை எண்ணிப் புதைத்தேன். நோட்டில் மாமாவுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி முட்டை, வாழைப்பழம், உளுந்தங்கஞ்சி என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பினேன்.

அம்மா மத்தியானம் ஒரு வேளை சாப்பிட்டாள். மற்ற இரண்டு வேளையும் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருந்தாள். எண்ணுவதற்கு அதில் எதுவும் இல்லாததால் நான் எண்ணவில்லை.

ஞாயிறுதோறும் பூசை முடிந்து நானும் மாமாவும் மருந்துக்கடைக்குப் போவோம். முதல் ஞாயிறு 46.6. இரண்டாவது 47.1. மூன்றாவது 47.5. கடைக்காரர் கல்லாவில் இருந்தபடியே, "என்னப்பா, இன்னும் பட்டாளம் வரலையா?" என்று கேட்பார். அவருக்கு அது வாராந்தர வேடிக்கை. ஆனால் மாமா ஏறும்போது எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்.

மூன்றாவது ஞாயிறு கழிந்த செவ்வாய்க்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மெஷினைச் சரிபார்க்க மதுரையிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இரும்பு எடைக்கற்கள் கொண்டுவந்திருந்தார். இருபது கிலோவில் இரண்டு, பத்துக் கிலோவில் ஒன்று. நான் பையை இறக்கிவைத்துவிட்டு நின்று பார்த்தேன். அவர் சுவிட்சை அணைத்தார். பெட்டியின் முதுகில், கீழ்மூலையில் இருந்த சின்னத் துளையில் ஒரு கம்பியை விட்டு அழுத்தியபடியே சுவிட்சைப் போட்டார். எல்லாக் கட்டத்திலும் எட்டு எரிந்தது. பிறகு ஒன்பது, எட்டு, ஏழு என்று சுழி வரைக்கும் இறங்கியது. அதற்குப் பிறகு நான் அதுவரை பார்த்திராத மூன்று எழுத்து வந்தது. சி, ஏ, எல். அவர் மறுபடி அழுத்தினார். 50.0 என்று மினுக்கியது. யாருமே ஏறாத மெஷினில் ஐம்பது. அவர் மூன்று கற்களையும் தூக்கி வைத்து இன்னொரு முறை அழுத்தினார். மினுக்குவது நின்றது. அவ்வளவுதான். வேறு ஊர்களிலும் பார்க்கிறீர்களா என்று கேட்டேன். சிவகங்கை, தேவகோட்டை, திருப்பத்தூர் எல்லாம் தன் பொறுப்புதான் என்று சொல்லிக்கொண்டே கற்களைச் சாக்கில் கட்டினார்.

நான் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசித்தேன். மெஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. இதுதான் ஐம்பது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போகிறார், அது ஒப்புக்கொள்கிறது. எல்லா ஊரிலும் சொல்கிறவர் அவர்தான். ஆகவே ஓர் ஊரில் ஐம்பது என்றால் எல்லா ஊரிலும் ஐம்பதாகத்தான் இருக்க வேண்டும். பதினோரு வயதில் இந்தத் தர்க்கத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

நான்காவது ஞாயிறு 47.9. ஐந்தாவது ஞாயிறு 48.1. அதுவரைக்கும் ஐம்பத்து நான்கு முட்டை ஆகியிருந்தது. சிவகங்கைக்கு இன்னும் நாலு நாள்.

மாமா இறங்கிக் கடைப்படியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரே தேற்றிக்கொண்டு என்னிடம் வழி சொன்னார். எடைக்கு நிற்பதற்குச் சற்று முன்னால் ஒரு சீப்பு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டு ஒரு செம்பு தண்ணீரையும் குடித்துவிட்டால் இரண்டு கிலோ கூடிவிடும். போன தடவை அப்படித்தான் ஒருவன் தேறினானாம். ஓட்டம் முதலில் முடிந்துவிடும், அதற்குப் பிறகு தின்றால் போதும். "வயிறு வெடிச்சாலும் தின்னுருவேன் மாப்ள" என்றார்.

அவர் பேசியது எதுவும் எனக்கு நம்பிக்கை தரவில்லை. அவர் முழங்காலைப் பார்த்ததை மட்டும்தான் நான் பார்த்தேன்.

அந்த நேரத்தில் மின்சாரம் இறங்கியது. மெஷினில் எல், ஓ என்று மினுக்கியது. கடைக்காரர் உள்ளே மருந்துச்சீட்டுப் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "தம்பி, அந்த சுவிட்ச ஒரு தடவ அணச்சுப் போடு" என்றார்.

என் பனியனில் மாதா பதக்கம் ஓர் ஊக்கில் தொங்கிக்கொண்டிருந்தது. பதக்கத்தைக் கழற்றி வாயில் கவ்விக்கொண்டு ஊக்கை நிமிர்த்தினேன். சுவிட்சை அணைத்தேன். ஊக்கைத் துளைக்குள் விட்டு அழுத்தியபடி சுவிட்சைப் போட்டேன். எட்டுகள் வந்தன. ஒன்பதிலிருந்து இறங்கியது. சி, ஏ, எல் வந்தது. மறுபடி அழுத்தினேன். 50.0 மினுக்கியது.

"மாமா, இன்னொரு தடவ ஏறுங்க. அசையாம நில்லுங்க."

மாமா ஏறி நின்றார். நான் பின்னால் நின்று அழுத்தினேன். மினுக்குவது நின்றது.

அந்த நிமிஷத்திலிருந்து காரைக்குடியில் ஐம்பது கிலோ என்பது என் மாமாவின் எடை.

அவர் இறங்கி ஏறினார். 50.0. மறுபடி இறங்கி ஏறினார். 50.0. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அஞ்சு நிமிசத்துல எப்படிடா ரெண்டு கிலோ?"

"முன்னால வோல்டேஜ் இல்ல மாமா. அதான் கொறச்சுக் காட்டிருக்கு."

அவர் நம்பாமல் கடைக்காரரிடம் கேட்டார். "அண்ணே, வோல்டேஜ் கொறஞ்சா எடையும் கொறையுமா? நீங்க என்ன சொல்றீக?"

கடைக்காரர் வெளியே வந்து எண்ணைப் பார்த்தார். ஐந்து வாரமாகக் கேலி பேசியவர் இப்போது தானே வளர்த்து ஆளாக்கியதுபோல் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார். "பின்ன? கரண்டு கொறஞ்சா ஃபேனே மெதுவாச் சுத்துது. இதுக்கு மட்டும் எப்படித் தெம்பு இருக்கும்?" என்றார். அதற்குமேல் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. நான் பதக்கத்தை வாயிலிருந்து எடுத்து மறுபடி குத்திக்கொண்டேன்.

வீட்டில் மாமா சொன்னதும் அம்மா கையில் இருந்த கரண்டியை வைத்துவிட்டு மாதா படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அன்று சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். மாமாதான் வற்புறுத்தினார். "அதான் அம்பது வந்துருச்சுல்லக்கா, இனி எதுக்கு?" என்றார். மறுநாளும் மூன்று வேளை சாப்பிட்டாள். எனக்கு அந்த வீடு வெளிச்சமாக இருந்தது. அதற்குக் காரணம் நான் என்பது எனக்கு மட்டும் தெரியும் என்ற பெருமையில் நோட்டைக்கூடத் திறக்கவில்லை.

அதே நாட்களில் ஊர் கனத்தது. மருந்துக்கடையில் ஏறியவர்கள் எல்லோரும் நூற்றுக்கு நாலு வீதம் பெருத்தார்கள். நோஞ்சான் பிள்ளையோடு வந்த ஒரு தாய் டானிக் வேலை செய்கிறது என்று இன்னும் இரண்டு பாட்டில் வாங்கிப் போனாள். கொத்தமங்கலத்திலிருந்து மாதம் ஒரு முறை சர்க்கரை மாத்திரை வாங்க வரும் ஓர் ஆச்சி மூன்று கிலோ ஏறியிருந்தார்.

"நான் பலகாரத்தத் தொட்டு இருவது நாளாச்சேப்பா. காத்தக் குடிச்சாலும் சதை போடுமா?"

"அசையுறீக ஆச்சி, எறங்கி ஏறுங்க" என்றார் கடைக்காரர்.

ஆச்சி இறங்கி ஏறினார். அதே எண். வீட்டில் உள்ளவர்களை ஒருவர் விடாமல் திட்டிக்கொண்டே மாத்திரைச்சீட்டை நீட்டினார்.

வியாழக்கிழமை முதல் பஸ்ஸுக்கு மாமா கிளம்பினார். அம்மா புதன்கிழமையே இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கி ஆணியில் தொங்கவிட்டிருந்தாள். எண்ணிப் பார்த்தேன், இருபத்தாறு. துணிப்பையில் போட்டுத் தருகிறேன் என்றாள். வேண்டாம் என்றார் மாமா. "அம்பது இருக்குல்லக்கா. பழப்பையத் தூக்கிட்டுப் போனா எடை பத்தாதவன்னு நானே சொன்ன மாதிரில்ல இருக்கும்" என்று சிரித்தார். அம்மா அன்று பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. அது ஒருசந்திக்காக அல்ல, பயத்தினால்.

மாமா திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். ஓட்டத்தில் ஆறாவதாக வந்திருக்கிறார். உயரம் சரி. மார்பு சரி. எடைக்கு அங்கே இருந்தது மின்சார மெஷின் அல்ல, குண்டை நகர்த்தும் பழைய தராசு. நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை. காரைக்குடியில் ஐம்பது காட்டியது என்று மாமா சொல்லியிருக்கிறார். குண்டை நகர்த்தியவர் தலையை ஆட்டி, "அப்ப காரைக்குடிப் பட்டாளத்துல சேந்துக்கப்பா" என்றாராம். வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்களாம். அவருக்கு முன்னால் நின்றவன் ஓரமாக ஒதுங்கி வாழைப்பழம் தின்றுவிட்டு வந்து தேறிவிட்டானாம்.

விஷயம் தெரிந்து மருந்துக்கடைக்காரரே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். மதுரையிலிருந்து ஆள் வந்து சரிபார்த்த மெஷின் பொய் சொல்லுமா, அங்கே இருப்பது துருப்பிடித்த தராசு என்று தெருவுக்குக் கேட்கும்படி பேசினார். தெருவும் அவர் பக்கம்தான். ஒரு மணி நேரம் சிவகங்கைத் தராசை எல்லோரும் திட்டினார்கள். மாமாவுக்கு அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அவர்கள் போன பிறகு அம்மா அடுப்படி வாசலில் வந்து உட்கார்ந்தாள்.

"தராசு சரிதான்டா. நாந்தான் சரியில்ல. வியாழக்கிழம முடியன்னு நேந்துக்கிட்டு, அம்பதுன்னு கேட்டதும் ஞாயித்துக்கிழமயே ஒக்காந்து தின்னுட்டேன். நாலு நாளு. கேட்டது கெடைக்கிறதுக்கு முன்னாலயே கையக் கழுவுனா எப்படிக் கெடைக்கும்?"

மாமா என்னவெல்லாமோ சொன்னார். அவள் கேட்கவில்லை. நான் அறை மூலையில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இருபத்தாறு பழமும் ஆணியில் அப்படியே தொங்கின. ஒரு சீப்பு போதும் என்று மாமா சொன்னது எனக்கு நினைவிருந்தது. அது யாரால் போகாமல் நின்றது என்பதும் தெரிந்திருந்தது. ஆனால் அன்று என் மனசில் இருந்தது என்ன என்று உண்மையைச் சொல்ல வேண்டும். நிம்மதி. பழி வேறு பக்கம் போய்விட்டது. அம்மா தானே எடுத்துக்கொண்டாள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வாரத்தில் பிள்ளைகளுக்குப் பாவசங்கீர்த்தனம். வரிசையில் என் இடம் பதினேழு. முழந்தாளிட்டு, பொய் சொன்னேன், மூன்று தடவை என்றேன். கீழ்ப்படியாமை, நாலு தடவை. எண்ணிக்கையில் குறை வைக்கவில்லை. என்ன பொய் என்று சாமியார் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மூன்று அருள் நிறைந்த மந்திரம் சொல்லச் சொன்னார். நான் ஆறு சொன்னேன்.

பெரிய சனிக்கிழமை காலையில் மாமா அம்மாவையும் என்னையும் மருந்துக்கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். மெஷின் சரி என்று அம்மாவுக்குக் காட்டியாக வேண்டும். அவர் ஏறினார். 50.2. பார்த்தாயா என்றார். அம்மாவையும் ஏறச் சொன்னார். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு அம்மா ஏறினாள். 41.6. கடைக்காரர் ஏதோ சத்து மாவு ஒன்றைச் சிபாரிசு செய்தார். நான் வீட்டுக்கு வந்து நோட்டில் எழுதி, ஐம்பதுக்கு 48.1 என்றால் 41.6-க்கு எவ்வளவு என்று நேர்விகிதக் கணக்காகப் போட்டேன். விடை நாற்பது. ஏறக்குறைய முழு எண்ணாக வந்ததில் எனக்கு மிகுந்த சந்தோஷம். விபூதிப் புதனுக்கு முந்தின நாள் எழுதிய 43.7 அதே நோட்டில், பதினோரு பக்கம் முன்னால் இருந்தது. திருப்பிப் பார்க்கவில்லை.

ஈஸ்டர் மறுநாள், ஊரின் புகார் தாங்காமல் கடைக்காரர் மதுரைக்காரரை வரவழைத்தார். நானும் மாமாவும் அங்கே இருந்தோம். அவர் மூன்று கற்களையும் தூக்கி வைத்தார். 52.0 என்று எரிந்தது. கற்களை இறக்கிவிட்டு மறுபடி வைத்துப் பார்த்தார். ஐம்பதுக்குக் குறைந்த எதையோ வைத்து யாரோ இதற்கு ஐம்பது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார். கடைக்காரர் அதை ஏற்கவில்லை, வோல்டேஜ்தான் காரணம் என்று அடித்துப் பேசினார். சரிசெய்த பிறகு மாமா ஏறினார். 48.3. அவர் எண்ணைப் பார்த்தார். பெட்டியின் முதுகைப் பார்த்தார். பிறகு என் பனியனில் இருந்த ஊக்கைப் பார்த்தார். நிமிர்த்தி மடக்கியதில் அது கோணலாகிவிட்டிருந்தது.

"ஏன் மாப்ள, வோல்டேஜா?" என்று மெதுவாகக் கேட்டார்.

நான் ஊக்கை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. மாமா பிறகு தேவகோட்டையில் மரக்கடை வைத்தார். இன்று எண்பத்து நாலு கிலோ இருக்கிறார், டாக்டர் குறைக்கச் சொல்கிறார். போனில் கூப்பிட்டால் முதலில், "வோல்டேஜ் எப்படி மாப்ள இருக்கு?" என்றுதான் கேட்பார். அம்மா இருந்தவரைக்கும் அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் தட்டு போட்டாள் அம்மா. ஈஸ்டருக்கு வாங்கிய முட்டை மீதி இருந்தது, ஆளுக்கு ஒன்று அவித்திருந்தாள். தன்னுடையதை என் தட்டில் வைத்துவிட்டு எழுந்தாள். தவக்காலம்தான் முடிந்துவிட்டதே, உட்கார் என்றார் அப்பா.

"நாலு நாள் பாக்கி இருக்கு. வியாழக்கிழமையோட முடிஞ்சிரும்."

மாமா சோற்றில் கை வைத்தபடியே நிறுத்தினார். "அக்கா, நீ சாப்புடு. அது ஒன்னால இல்ல."

"பின்ன யாரால?"

மாமா என்னைப் பார்த்தார். நான் இரண்டாவது முட்டையை உரித்துக்கொண்டிருந்தேன். ஓடு ஒரே துண்டாக வந்துகொண்டிருந்ததால் கவனமாக உரித்தேன். அவர் சோற்றை மறுபடி பிசையத் தொடங்கினார்.

"வோல்டேஜுதான்க்கா" என்றார்.

அம்மா பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. கடைசிப் பக்கத்துக்கு முந்தின பக்கத்தில் திங்கள் 2, செவ்வாய் 2, புதன் 2, வியாழன் 2 என்று எழுதி, கீழே கோடு கிழித்து, மொத்தம் 8 என்று கூட்டியிருக்கிறேன். எனக்கு அவ்வளவு முட்டை கிடைத்த வாரம் அதற்கு முன் வந்ததில்லை. எட்டைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு நட்சத்திரமும் வரைந்திருக்கிறேன்.